சால்-ஜெல்லில் எந்த வழி? உலர்த்தலில் இருந்து தொடங்குங்கள்

திரவத்தை ஜெல்லாக உறையவைத்து, உலர்த்தித் திண்மப் பொருளாக்கும் வழிதான் சால்-ஜெல் முறை. அதில் எதையாவது செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் மூலப்பொருளைப் பற்றித்தான். சிலிக்கா செய்ய டி.இ.ஓ.எஸ் என்ற திரவத்தை வாங்கலாமா, மலிவான சோடியம் சிலிக்கேட்டே போதுமா? அடுத்த கேள்வி, அமிலம் விடுவதா அம்மோனியா விடுவதா? இரண்டுமே நியாயமான கேள்விகள், ஆனால் வரிசை தலைகீழ். பீக்கரில் திரவம் ஜெல்லாக உறைவது இந்த முறையின் சுலபமான பாதி. உறைந்த பிறகும் அதன் எடையில் பெரும்பகுதி திரவம்தான். அந்தத் திரவத்தை வெளியேற்றுவதில்தான் செலவு, நேரம், ஆபத்து, விரிசல் எல்லாமே இருக்கின்றன. எதை ஊற்றுவது என்பதற்கு முன்னால், ஊற்றியதை எப்படி வெளியே எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே அமைந்துவிடும்.

எளிதாகப் புரியும் என்பதால் சிலிக்காவையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்பவர், கண்ணாடிக்குப் பூச்சு போட நினைக்கும் சிறு தொழில்முனைவோர், வெப்பக்காப்புப் பொருள் தேடுபவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

பீக்கருக்குள் என்ன நடக்கிறது

டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட், சுருக்கமாக டி.இ.ஓ.எஸ். நடுவில் ஒரு சிலிக்கான் அணு, சுற்றிலும் நான்கு எத்தாக்ஸி தொகுதிகள். தண்ணீர் சேர்ந்ததும் எத்தாக்ஸி ஒவ்வொன்றாகக் கழன்று எத்தனாலாகப் போய்விடும். காலியான இடத்தில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) வந்து அமரும். இது நீராற்பகுப்பு. பிறகு அடுத்தடுத்த மூலக்கூறுகளின் ஹைட்ராக்சில்கள் இரண்டு சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறை உதிர்த்துவிட்டு, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் என்று பிணைந்துகொள்ளும். இது குறுக்க வினை. இப்படி உருவாகும் நுண்ணிய கொத்துகள் தனித்தனியாக மிதக்கும் வரை அது சால். கொத்துகள் ஒன்றோடொன்று பிணைந்து, பாத்திரத்தின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை ஒரே வலையாகிவிட்டால் ஜெல். பாத்திரத்தைச் சாய்த்தால் இனி ஓடாது.

பிரெஞ்சு வேதியியலர் எபெல்மன் 1840களின் நடுவிலேயே இதைப் பார்த்துவிட்டார். சிலிக்கான் டெட்ராகுளோரைடையும் ஆல்கஹாலையும் சேர்த்து அவர் தயாரித்த திரவம், ஈரக்காற்றில் மெதுவாகக் கண்ணாடி போன்ற திண்மமாக மாறியது. உலையே இல்லாமல் கண்ணாடி! சிலிக்காவை உருக்க வேண்டுமானால் 1700 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வியப்பு புரியும்.

ஆனால் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 208 கிராம் டி.இ.ஓ.எஸ் முழுமையாக வினைபுரிந்தால் கிடைப்பது 60 கிராம் சிலிக்கா. கூடவே 184 கிராம் எத்தனால். இரண்டையும் கலப்பதற்கென்று நாம் ஊற்றும் எத்தனால் தனி, ஏனென்றால் டி.இ.ஓ.எஸ் தண்ணீரில் கலக்காது. 60 கிராம் திண்மத்துக்காக அதைப்போல் பல மடங்கு திரவத்தை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த முறையின் பலமும் பலவீனமும் இந்த விகிதத்திலேயே அடங்கியிருக்கின்றன.

சால்-ஜெல் உங்களுக்குத் தேவையா?

தடிமனான கண்ணாடிக் கட்டி வேண்டும் என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. அறைவெப்பத்தில் கண்ணாடி என்ற கவர்ச்சியில் பலர் விழுகிறார்கள். ஜெல் அறைவெப்பத்தில் உருவாகும், உண்மைதான். ஆனால் அது துளைகள் நிறைந்த, ஹைட்ராக்சில் நிறைந்த பொருள். துளைகள் மூடி உண்மையான அடர்கண்ணாடி ஆக அதைச் சுமார் 1000 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். அதற்குள் அது பல மடங்கு சுருங்கியிருக்கும், பெரும்பாலும் உடைந்தும் இருக்கும். வணிக ரீதியில் சிலிக்காக் கண்ணாடி இன்றும் உருக்கியோ, சுடரில் வாயுவைப் படியவைத்தோதான் செய்யப்படுகிறது.

சால்-ஜெல் ஜெயிக்கும் இடங்கள் வேறு. உலர வேண்டிய தூரம் மிகச் சிறியதாக உள்ள மெல்லிய படலம், நுண்துகள், நார், சிறு மணி ஆகியவை ஒரு வகை. துளைகளே வேண்டும் என்கிற உறிஞ்சிகள், வினையூக்கித் தாங்கிகள், வலை குலையாமல் உலர்த்திய ஏரோஜெல் ஆகியவை இன்னொரு வகை. ஈரம் உறிஞ்ச மருந்துப் புட்டியில் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பேட்ரிக் அதற்கான காப்புரிமையை 1919இல் பெற்றார். உடைந்த மணிகளாக இருந்தாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே உலர்த்தலில் வரும் விரிசல் அங்கே ஒரு பிரச்சினையே அல்ல.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. தூசி பறக்கவே கூடாத இடங்கள். அணு எரிபொருள் அப்படிப்பட்டது. யுரேனியம், புளுட்டோனியம் ஆக்சைடுப் பொடியை அரைத்து, சலித்து, அழுத்தி வில்லையாக்கும்போது கதிரியக்கத் தூசி வரும். மாறாக, உலோக நைட்ரேட் கரைசலோடு யூரியாவையும் ஹெக்ஸாமெத்திலீன்டெட்ரமினையும் சேர்த்துப் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிக் குளிர்வித்து வைத்திருந்து, சுமார் 90 டிகிரி சூட்டில் உள்ள சிலிகோன் எண்ணெயில் துளித்துளியாக விட்டால், சூட்டில் அம்மோனியா வெளிப்பட்டு ஒவ்வொரு துளியும் உள்ளிருந்தே உறைந்து உருண்டை மணியாகிவிடும். பொடி என்ற கட்டமே வராது. பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் கல்பாக்கத்திலும் இந்த வழியில் வேலை நடந்திருக்கிறது. இங்கே சால்-ஜெல்லைத் தேர்ந்தெடுக்கக் காரணம் குறைந்த வெப்பநிலை அல்ல, தொழிலாளியின் நுரையீரல்.

உலர்த்தும் வழிகள்: எதற்கு எது

ஈரமான ஜெல் காயும்போது ஒவ்வொரு நுண்துளையிலும் திரவத்தின் மேற்பரப்பு உள்நோக்கி வளைகிறது. அந்த வளைவு துளையின் சுவர்களை உள்ளே இழுக்கிறது. துளை எவ்வளவு சிறியதோ இழுவிசை அவ்வளவு அதிகம். 5 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் எத்தனால் இருந்தால், அதன் பரப்பு இழுவிசையை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 87 வளிமண்டல அழுத்தம் வருகிறது. அதே துளையில் தண்ணீர் இருந்தால் 280ஐத் தாண்டும். விரலால் நசுக்கினாலே பொடியும் ஒரு வலையின் மீது இவ்வளவு அழுத்தம். கோடையில் கண்மாய் வண்டல் வெடிப்பதும் இதே இயற்பியல்தான்: தடித்த சேறு பாளம் பாளமாகப் பிளக்கும், பாறை மேல் மெல்லிசாகப் படிந்த சேறு வெடிக்காமல் காய்ந்துவிடும்.

திறந்த வெளியில் மெதுவாகக் காயவிடுவதுதான் முதல் வழி. செலவே இல்லை. பீக்கரின் வாயைப் பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாளால் மூடி, ஊசியால் சில துளைகள் போட்டு, நாள்கணக்கில், வாரக்கணக்கில் விட்டுவைப்பார்கள். கிடைப்பது ஜெரோஜெல்: சுருங்கிய, கெட்டியான, துளைகள் குறைந்த பொருள். பொடியாக அரைக்கப் போகிறீர்கள் என்றால் இதைவிட்டு வேறெங்கும் போக வேண்டாம். விரிசல் இல்லாத வட்டத்தகடு வேண்டுமென்றால் பொறுமையும், உறைந்த அதே திரவத்திலேயே ஜெல்லைச் சில நாட்கள் முதிரவிடுவதும் உதவும். முதிரும்போது வலையின் கழுத்துப் பகுதிகள் தடித்து வலுப்பெறும். இந்தக் கட்டத்தை அவசரப்பட்டுத் தாண்டுபவர்கள்தான் பிறகு விரிசலுக்கு அமிலத்தைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டாவது வழி 1931இல் அமெரிக்காவின் சாமுவேல் கிஸ்ட்லர் காட்டியது. திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே மேற்பரப்பு என்ற ஒன்று இருப்பதால்தானே இழுவிசை? அந்த மேற்பரப்பே இல்லாமல் செய்துவிட்டால்? நிலைமாறு வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் திரவம், வாயு என்ற வேறுபாடு அழிந்துவிடும். அந்த நிலையில் மெதுவாக அழுத்தத்தைத் திறந்துவிட்டால் வலை குலையாமல் நிற்கும். இதுதான் ஏரோஜெல். தண்ணீரோடு நேரடியாக இதைச் செய்ய முடியாது. 374 டிகிரியும் 220 பாரும் தேவை என்பது ஒரு காரணம். அந்த நிலையில் தண்ணீர் சிலிக்காவையே கரைத்துவிடும் என்பது பெரிய காரணம். அதனால் கிஸ்ட்லர் முதலில் தண்ணீரை ஆல்கஹாலால் மாற்றினார். எத்தனாலுக்கு 241 டிகிரி, சுமார் 61 பார் போதும்.

‘போதும்’ என்ற சொல்லை எச்சரிக்கையோடுதான் எழுதுகிறேன். 240 டிகிரி சூட்டில், அறுபது எழுபது பார் அழுத்தத்தில் ஒரு பாத்திரம் நிறைய எரியும் ஆல்கஹால்! ஸ்வீடனில் ஷோபூ என்ற ஊரில் ஏர்கிளாஸ் நிறுவனம் பெரிய ஏரோஜெல் பலகைகளைத் தயாரித்துவந்தது. 1984இல் அங்கே ஆட்டோகிளேவ் என்ற உயர் அழுத்தக் கலத்திலிருந்து மெத்தனால் கசிந்து வெடித்து ஆலைக்கட்டடம் சிதைந்தது. இந்த வழியைச் சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் யாராவது யோசித்தால் நான் விவாதத்துக்கே போக மாட்டேன். வேண்டாம்.

அதற்கு அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் தெவாரி, ஹண்ட் ஆகியோர் மூன்றாவதாக ஒரு மாற்று வழியை வெளியிட்டார்கள். ஆல்கஹாலைத் திரவக் கார்பன் டை ஆக்சைடால் மாற்றிவிட்டால் 31 டிகிரி, 74 பார் போதும். தீப்பிடிக்காது, சூடும் இல்லை. அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே தகுதிச்சான்று பெற்ற கலம், பாதுகாப்பு வால்வு, பயிற்சி பெற்ற ஆள் மூன்றும் வேண்டும். இன்னொரு செலவு நேரம். ஜெல்லின் உள்ளே இருக்கும் ஆல்கஹால் பரவல் வழியாகத்தான் வெளியே வர முடியும். தடிமனை இரட்டிப்பாக்கினால் காத்திருக்கும் நேரம் நான்கு மடங்காகும். மெல்லிய தகடுக்கும் மணிக்கும் இது அருமையான வழி, செங்கல் அளவுக்கு அல்ல.

நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004 ஜனவரியில் வைல்டு 2 வால்விண்மீனைக் கடந்தபோது, வினாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வந்த துகள்களை ஏரோஜெல்லில் பிடித்து 2006இல் பூமிக்குக் கொண்டுவந்தது. துகளை உடைக்காமல் படிப்படியாக வேகம் தணிக்க வேண்டும், எடையும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட தேவைக்கு விலை ஒரு பொருட்டே அல்ல. உங்கள் தேவை அந்த ரகம் என்றால் தயங்காமல் இந்த வழிக்குப் போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது வழி, சாதாரண அழுத்தத்திலேயே ஏரோஜெல். காயும்போது ஜெல் சுருங்குவது மட்டும் பிரச்சினை இல்லை. சுருங்கிய பிறகு நெருங்கி வந்த ஹைட்ராக்சில்கள் ஒன்றோடொன்று பிணைந்து அந்தச் சுருக்கத்தை நிரந்தரமாக்கிவிடுகின்றன. சரி, ஹைட்ராக்சில்களையே மூடிவிட்டால்? 1990களின் தொடக்கத்தில் நியூ மெக்சிகோவில் பிரிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் அதைத்தான் செய்தார்கள். டிரைமெத்தில்குளோரோசிலேன் போன்ற ஒன்றால் வலையின் மேற்பரப்பு முழுவதும் மெத்தில் தொகுதிகளைப் போர்த்திவிட்டு, துளைகளில் ஹெக்சேன் போன்ற குறைந்த பரப்பு இழுவிசையுள்ள திரவத்தை வைத்துக் காயவிட்டால், ஜெல் முதலில் சுருங்கும். கடைசித் துளி போனதும் மெல்ல மீண்டும் விரிந்து பழைய அளவை நெருங்கும். ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால் வரும் மீட்சி.

ஆட்டோகிளேவ் தேவையில்லை என்பதால் இந்தியச் சூழலுக்கு இது பொருந்துகிறது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் வெங்கடேஸ்வர ராவின் குழு நீரை விலக்கும் ஏரோஜெல்களில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. குறைகளும் உண்டு. கரைப்பானை மாற்றி மாற்றிக் கழுவுவதில் லிட்டர் லிட்டராக ஹெக்சேன் போகும். டிரைமெத்தில்குளோரோசிலேன் ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும், ஃபியூம் ஹூட் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) இல்லாமல் தொடவே கூடாது. பெரிய ஒற்றைப் பலகை கிடைப்பது அரிது, மணிகளும் துண்டுகளும்தான் கிடைக்கும். சில நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மெத்தில் எரிந்துபோய் நீரை விலக்கும் தன்மையும் போய்விடும்.

உறையவைத்துப் பதங்கமாக்கும் முறையையும் சிலர் சொல்வார்கள். திரவம் உறையும்போது வளரும் படிகங்களே வலையைக் கிழித்துவிடுவதால் சிலிக்காவில் பெரும்பாலும் பொடிதான் மிஞ்சும். கடந்து போகலாம்.

மூலப்பொருள்

இனி முதல் கேள்விக்கு வரலாம். மணி, பொடி, உறிஞ்சி, வெப்பக்காப்புத் துகள் என்று முடிவானால் சோடியம் சிலிக்கேட்டிலிருந்து தொடங்குவதே அறிவு. சோப்புத் தொழிலில் பீப்பாய் பீப்பாயாகப் புழங்கும் சரக்கு, விலை மிகக் குறைவு. விலையாகக் கொடுப்பது சோடியத்தைக் கழுவும் வேலையை. அமிலம் சேர்த்து ஜெல்லாக்கினால் உப்பு உள்ளேயே சிக்கிக்கொள்ளும், திரும்பத் திரும்பத் தண்ணீரில் கழுவ வேண்டும். நேர்மின் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியாக முன்கூட்டியே அனுப்பி சோடியத்தை எடுத்துவிட்டுப் பிறகு உறையவைப்பது சுத்தமான வழி.

படலமோ, ஒளியியல் பயனோ, தூய்மையோ முக்கியம் என்றால் டி.இ.ஓ.எஸ். அதைக் காய்ச்சி வடித்துத் தூய்மைப்படுத்தலாம், வினை நிதானமாக நடக்கும், கட்டுப்படுத்த நேரம் கிடைக்கும். இதன் தம்பி டி.எம்.ஓ.எஸ், அதாவது எத்தாக்ஸிக்குப் பதிலாக மெத்தாக்ஸி. வேகமாக உறையும், துளைகள் சீராக வரும். 1960களின் இறுதியில் லியோனில் டெய்க்னர் குழு கிஸ்ட்லரின் நீண்ட வேலையைச் சுருக்கியது இதனால்தான். ஆனால் அதன் ஆவி கண்ணின் கருவிழியைச் சிதைக்கக்கூடியது, பார்வையே போகலாம். அதில் கிடைக்கும் நன்மை மாணவர் ஒருவரின் கண்ணுக்கு ஈடாகாது. டி.இ.ஓ.எஸ்-ஸிலேயே முதலில் கொஞ்சம் அமிலம், பிறகு கொஞ்சம் அம்மோனியா என்று இரண்டு படியாகச் செய்தால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கிறது.

டைட்டானியம் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு டி.இ.ஓ.எஸ் போல நிதானமானது அல்ல. தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் வெள்ளையாகத் திரிந்து படிந்துவிடும். அசிட்டிக் அமிலமோ அசிட்டைல்அசிட்டோனோ சேர்த்து முதலில் அதன் கையைக் கட்ட வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் பூசிச் சுட்டால் கண்ணாடியிலுள்ள சோடியம் படலத்துக்குள் ஏறி அதன் ஒளிவினையூக்கத் திறனைக் கெடுக்கும். நடுவில் ஒரு சிலிக்காப் படலம் போட்டுவிடுவது வழக்கம்.

அமிலமா, அம்மோனியாவா

அமிலத்தில் நீராற்பகுப்பு வேகமாகவும் குறுக்க வினை மெதுவாகவும் நடக்கும். விளைவு, அதிகம் கிளைக்காத நீண்ட சங்கிலிகள். அவை காயும்போது ஒன்றோடொன்று பின்னி நெருக்கமாகப் படியும். படலமும் நாரும் வேண்டுமென்றால் இதுதான். அம்மோனியா போன்ற காரத்தில் கொத்துகள் அடர்ந்து உருண்டு துகளாகும், துகள்களுக்கு நடுவே பெரிய துளைகள் இருக்கும். 1968இல் ஸ்டோபரும் இருவரும் எத்தனால், தண்ணீர், அம்மோனியா, டி.இ.ஓ.எஸ் மட்டும் வைத்து, ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகளைச் சுமார் 50 நானோமீட்டரிலிருந்து 2 மைக்ரோமீட்டர் வரை விரும்பிய அளவில் செய்து காட்டினார்கள். நானோ துகளில் புதிதாக இறங்கும் மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. உலர்த்தலில் ஏமாற்றம் இல்லை, கருவி என்று மேக்னெட்டிக் ஸ்டிரர் (காந்தக் கலக்கி) போதும், ஒவ்வொரு மாறியும் அளவில் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஒரு முணுமுணுப்பு. துத்தநாக அசிட்டேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றி, வெள்ளையாகப் படிந்ததை வடிகட்டிச் சுட்டுவிட்டு, தலைப்பில் சால்-ஜெல் என்று போடும் ஆய்வறிக்கைகள் ஏராளம். அது வீழ்படிவாக்கல். அதில் தவறொன்றும் இல்லை, பல வேலைக்கு அதுவே மேல். வலை உருவாகவில்லை என்றால் ஜெல் இல்லை, அவ்வளவுதான். இரண்டு மூன்று உலோகங்கள் கலந்த ஃபெரைட், பெரோவ்ஸ்கைட் போன்ற ஆக்சைடுகள் வேண்டுமென்றால் டி.இ.ஓ.எஸ் போன்ற ஆல்காக்சைடைத் தேடி அலைய வேண்டாம். 1967இல் பெச்சினி காப்புரிமை பெற்ற வழி இருக்கிறது: உலோக நைட்ரேட்டுகள், சிட்ரிக் அமிலம், எத்திலீன் கிளைக்கால். வலை கரிமப் பொருளால் ஆனது, உலோக அயனிகள் அதில் சீராகச் சிக்கியிருக்கும். வலையை எரித்துவிட்டால் பொடிகளைக் கலந்து சுடும் முறையைவிடப் பல நூறு டிகிரி குறைவாகவே கலவை ஆக்சைடு உருவாகும். எரிக்கும்போது புகையும் நுரையும் பொங்கி உலையை நாசமாக்கும் என்பதால் சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும்.

கண்ணாடிக்குப் பூச்சு: சால்-ஜெல்லா, வெற்றிடமா

மூவரில் உண்மையாகவே கடினமான முடிவு எடுக்க வேண்டியவர் பூச்சு போட நினைப்பவர்தான். சூரியத்தகட்டின் முன்கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். பூசாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒற்றைப் படலத்தால் இதைத் தடுக்க வேண்டுமானால், படலத்தின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் எண்ணுக்கு வர்க்கமூலமாக இருக்க வேண்டும். 1.52க்கு 1.23. இவ்வளவு குறைந்த எண்ணுள்ள அடர்த்தியான திண்மம் கிடையாது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் மக்னீசியம் ஃபுளோரைடுக்கே 1.38, அதனால் எதிரொளிப்பு 1.3 சதவீத அளவில் நின்றுவிடும். சால்-ஜெல்லில் சிலிக்காவையும் காற்றையும் கலக்கலாம். மற்ற இடங்களில் நாம் சபிக்கும் துளை இங்கே வரம். பாதி துளையுள்ள சிலிக்காப் படலம் 1.22, 1.23ஐ எளிதாகத் தொடும். தடிமன் ஒளியின் கால் அலை, சுமார் 110 நானோமீட்டர். அந்தத் தடிமனில் விரிசல் என்ற பேச்சே இல்லை. அரை மைக்ரோமீட்டரைத் தாண்டி ஒரு மைக்ரோமீட்டரை நெருங்கும்போதுதான் ஒற்றைப் பூச்சில் அது தலைகாட்டும். அதற்கு மேல் தடிமன் வேண்டுமென்றால் மெத்தில்டிரைஎத்தாக்ஸிசிலேன் போன்ற கரிமத் தொகுதி ஒட்டிய மூலப்பொருளைக் கலந்து வலையைக் கொஞ்சம் நெகிழ்வாக்க வேண்டும்.

அம்மோனியாவில் செய்த துகள்களைப் பூசினால் துளை நன்றாக வரும், ஒட்டுதல் மோசம். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் இயன் தாமஸ் 1980களில் உருவாக்கிய பூச்சு இந்த ரகம். மாபெரும் லேசர்களின் லென்ஸ்களில் அது இன்றும் பூசப்படுகிறது, ஏனென்றால் வெற்றிடப் பூச்சுகளைவிட லேசரின் தாக்குதலை அது நன்றாகத் தாங்குகிறது. விரலால் துடைத்தால் போய்விடும் என்பது அங்கே குறை அல்ல. துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்வார்கள். ஆனால் தூசியடிக்கும் வெளியில் வாரந்தோறும் துடைப்பம் படும் சூரியத்தகட்டுக்கு அது செல்லாது. அங்கே துகளோடு அமில வழியில் செய்த சால் திரவத்தையும் பசையாகச் சேர்த்து, துளையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, உறுதியை வாங்குகிறார்கள். அந்தப் பூச்சை உருளையால் ஏற்றிவிட்டுக் கண்ணாடியை உறுதியாக்கும் வழக்கமான டெம்பரிங் உலைக்கே அனுப்பினால், 600 டிகிரிக்கு மேலான அந்தச் சூடே பூச்சையும் சுட்டுவிடுகிறது. தனியாக உலைச் செலவு இல்லை. பெருமளவில் வெற்றிடத்தைச் சால்-ஜெல் முந்தும் இடம் இது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். அடிப்பொருள் பிளாஸ்டிக் என்றாலோ, பல அடுக்குகள் வேண்டுமென்றாலோ, உலோகப் படலம் வேண்டுமென்றாலோ, வெற்றிடத்தில் அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்துப் படியவைக்கும் ஸ்பட்டரிங்தான் மேல். முதலீடு அதிகம், பராமரிப்பு அதிகம், ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டால் திங்களும் வெள்ளியும் ஒரே படலம் வரும். சால் அப்படி இல்லை. பாட்டிலில் இருந்தபடியே அது வினைபுரிந்துகொண்டிருக்கும், நாள்போக்கில் பாகுநிலை ஏறும். ஈரப்பதமும் விளையாடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது கண்ணாடி குளிர்ந்து, ஈரக்காற்றிலிருந்து நீர் படிந்து, படலம் பால் போல வெளுத்துவிடும். கடலோர ஊரில் ஈரப்பதக் கட்டுப்பாடு இல்லாத அறையில் பூச்சுத் தொழில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏசி செலவையும் முதலீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முக்கி எடுப்பதா, சுழற்றுவதா என்பது சின்ன முடிவு. ஸ்பின் கோட்டர் சிறிய தட்டையான மாதிரிக்கு ஏற்றது, ஊற்றியதில் பெரும்பகுதி சுவரில் தெறித்து வீணாகும். முக்கி எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூச்சு ஏறும், குழாய் போன்ற வடிவங்களும் சரி. தடிமனை இழுக்கும் வேகம் தீர்மானிக்கும்: வழக்கமான வேகங்களில், வேகத்தை இரட்டித்தால் தடிமன் ஏறக்குறைய 1.6 மடங்கு. வேகமாக இழுத்தால் தடிக்கும் என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். கூடவே ஒட்டிவரும் திரவம் வழிந்து இறங்க நேரம் கிடைப்பதில்லை, அதுதான் காரணம். ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்தில் கெஃப்கனும் பெர்கரும் 1939இலேயே இந்த வழிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இன்று ஒரு மோட்டாரும் திருகுத் தண்டும் வைத்து நல்ல மாணவர் ஒருவரே இந்தக் கருவியைச் செய்துகொள்ளலாம். அதிர்வு மட்டும் இருக்கக் கூடாது, இருந்தால் படலத்தில் குறுக்குக் கோடுகளாகத் தெரியும்.

வெப்பக்காப்புக்காரருக்கு

ஏரோஜெல்லின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.015 வாட் அளவில் இருக்கும், அசையாத காற்றைவிடக் குறைவு. துளைகள் காற்று மூலக்கூறு சராசரியாக ஓடும் தூரத்தைவிடச் சிறியவை என்பதால் காற்றாலும் உள்ளே வெப்பத்தை நன்றாகக் கடத்த முடிவதில்லை. இந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தயாரிக்கலாம் என்று கிளம்புகிறவர்களிடம் நான் கேட்பது இடத்தின் மதிப்பு என்ன என்பதுதான். குளிர்பதனக் கிடங்குச் சுவரில் இடம் மலிவு. அங்கே மூன்று மடங்கு தடிமனில் சாதாரணக் கனிமக் கம்பளியோ பாலியூரித்தேன் நுரையோ அதே வேலையைச் சொற்பச் செலவில் செய்துவிடும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் குழாய், கடலடிக் குழாய், மின்வாகனப் பேட்டரிக் கலங்களுக்கு இடையிலான மில்லிமீட்டர் இடுக்கு ஆகிய இடங்களில் தடிமனுக்கு விலை உண்டு. ஏரோஜெல்லை நார்க்கம்பளத்தில் ஊறவைத்து உலர்த்திய போர்வைகள் அங்கேதான் போகின்றன. தனி ஏரோஜெல் உடையக்கூடியது, அதனால்தான் நார்.

அப்படிப்பட்ட வாடிக்கையாளர் கைவசம் இருந்தாலும் முதல் ஆண்டு போர்வையை வாங்கி வெட்டி, தைத்து, பொருத்திக் கொடுக்கும் தொழிலைச் செய்து பாருங்கள். ஆர்டர் நிலையானால் சோடியம் சிலிக்கேட், சாதாரண அழுத்த உலர்த்தல், மணிகள் என்ற வரிசையில் ஒரு சிறு சோதனை ஆலை போடலாம். அந்தத் திட்டத்தில் முதலில் வரைய வேண்டியது கரைப்பானை மீட்டெடுக்கும் காய்ச்சி வடிக்கும் பகுதி. ஹெக்சேனைத் திரும்பப் பெறாமல் இந்தக் கணக்கு எங்கேயும் நேராகாது.